மஞ்சள் பை

அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்தின் டெட்ராய்ட் நகரில் ஒரு வீட்டின் வாசற்கதவில் மஞ்சள் நிறப் பிளாஸ்டிக் பை தொங்கினால், உள்ளே என்ன இருக்கிறது என்று அக்கம்பக்கத்தார் பிரித்துப் பார்க்கத் தேவையில்லை. அந்த வீட்டுக்குச் சொத்து வரி பாக்கி. கட்டாவிட்டால் வீடு ஜப்தியாகி ஏலத்துக்கு வரும் என்பது தெருவுக்கே தெரிந்துவிடும். டெட்ராய்ட் இருப்பது வேய்ன் கவுன்டியில். கவுன்டி என்றால் கிட்டத்தட்ட நம்மூர் மாவட்டம். அதன் கருவூல அலுவலகம்தான் நோட்டீஸைப் பைக்குள் போட்டுக் கதவில் மாட்டிவிட்டுப் போகிறது. நம் பக்கம் நொடித்துப்போனவர் கடன்காரர்களுக்கு அனுப்பும் நோட்டீஸுக்கு மஞ்சள் கடுதாசி என்று பேர். அந்த மஞ்சளுக்கும் இந்த மஞ்சளுக்கும் ஒட்டுறவு கிடையாது. ஆனாலும் இந்தக் கதையில் இரண்டும் ஓரிடத்தில் சந்திக்கும்.

யார் வீட்டுக்கு இந்தப் பை வரும்? கழுத்துவரை கடன் வாங்கித் தவணை கட்டத் திண்டாடுகிறவர் வீட்டுக்கு என்றுதான் முதலில் தோன்றும். நடப்பது ஏறக்குறையத் தலைகீழ். வங்கிக்கு ஒரு காசு பாக்கியில்லாமல், பத்திரம் பத்திரமாகக் கையில் இருக்கிற வீடுதான் இதில் எளிதாகச் சிக்குகிறது. கடனில்லாத வீட்டுக்கு ஏலம். இந்த முரணைப் பிடித்துக்கொண்டு போனால் மற்றதெல்லாம் புரிந்துவிடும்.

அமெரிக்காவில் பள்ளிக்கூடம், தீயணைப்பு, நூலகம், தெருப் பராமரிப்பு ஆகியவை பெருமளவு உள்ளூர்ச் சொத்து வரியை நம்பி நடப்பவை. அதனால் அந்த வரிக்குச் சட்டம் ஒரு தனிச் சலுகை கொடுத்திருக்கிறது. பாக்கி விழுந்தால் அது வீட்டின்மேல் வில்லங்கமாக ஏறிக்கொள்ளும். ஏறிய கையோடு வரிசையில் எல்லோரையும் தள்ளிவிட்டு முன்னால் போய் நிற்கும். இருபது வருடத்துக்கு முன்பே லட்சக்கணக்கில் கடன் கொடுத்த வங்கி பின்னால் நிற்க, நேற்றுப் பாக்கியான இரண்டாயிரம் டாலர் வரிக்கு முதல் இடம். வரிக்காக வீடு பறிபோனால் வங்கியின் அடமானமும் அதோடு அழிந்துபோகும்.

வங்கிக்காரருக்கு இது வயிற்றில் புளியைக் கரைக்கும் விஷயம். அதற்கு அவர்கள் கண்டுபிடித்த ஏற்பாடுதான் எஸ்க்ரோ. ஆண்டு வரியைப் பன்னிரண்டாகப் பிரித்து, மாதத் தவணையோடு சேர்த்து வாங்கி ஒரு தனிக் கணக்கில் வைத்துக்கொண்டு, நாள் வந்ததும் வங்கியே நகராட்சிக்குக் கட்டிவிடும். வீட்டுக்காரர் கையில் பணம் இல்லாவிட்டாலும் வங்கி தன் பணத்தைப் போட்டுக் கட்டிக் கடனில் ஏற்றிக்கொள்ளும். தன் அடமானத்தைக் காப்பாற்றிக்கொள்ள அது செய்கிற காரியத்தில் வீட்டுக்காரரும் சேர்ந்து பிழைத்துக்கொள்கிறார். கடன் உள்ளவரை வாசலில் ஒரு காவல்காரர் நிற்கிறார் என்று சொல்லலாம்.

கடன் தீருகிற அன்று அந்தக் காவல்காரர் வீட்டுக்குப் போய்விடுகிறார். முப்பது வருடமாகத் தன் கண்ணில் படாத வரிச் சீட்டு இனிமேல் நேரே வீட்டு முகவரிக்கு வரும். மாதத்துக்கு நூற்றைம்பது, இருநூறாகக் கரைந்துகொண்டிருந்த தொகை ஒரே மொத்தமாக வந்து நிற்கும். அதற்குள் வீட்டுக்காரருக்கு எழுபது வயது ஆகியிருக்கும். ஓய்வூதியம் மட்டுமே வருமானமாக இருக்கும். டெட்ராய்ட்டைச் சுற்றியுள்ள ட்ராய், நோவை, கான்டன் முதலிய ஊர்களில் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். முப்பது வருடக் கடனைப் பதினைந்தில் முடித்துவிட்டுத்தான் மறுவேலை என்று பல்லைக் கடித்துக்கொண்டு அடைக்கும் பழக்கம் நம்மவர்களுக்கு உண்டு. அடைத்து முடித்த மறுநாள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அடுத்த வரிச் சீட்டு யார் பெயருக்கு, எந்த முகவரிக்கு வரும் என்பது.

இந்தக் கேள்வியைக் கேட்காததால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்க உச்ச நீதிமன்றமே தீர்ப்பு எழுதிய ஒரு வழக்கு இருக்கிறது. ஆர்கன்ஸா மாநிலத்தின் லிட்டில் ராக் நகரில் ஜோன்ஸ் என்பவர் 1967-இல் ஒரு வீடு வாங்கினார். முப்பது வருடம் தவணை கட்டினார். வரியைக் கடன் நிறுவனம் பார்த்துக்கொண்டது. இடையில் மனைவியைப் பிரிந்து அவர் வேறு வீட்டுக்குக் குடிபோக, மனைவி அந்த வீட்டிலேயே இருந்தார். 1997-இல் கடன் தீர்ந்தது. வரியும் அதோடு நின்றது. 2000-இல் மாநில அரசு பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பியது. கையெழுத்துப் போட்டு வாங்க வீட்டில் ஆள் இல்லை. தபால் நிலையத்துக்குப் போய் வாங்கவும் யாரும் இல்லை. 'பெற்றுக்கொள்ளப்படவில்லை' என்று முத்திரை குத்தி அந்தத் தபால் அரசுக்கே திரும்பிவிட்டது. இரண்டு வருடம் கழித்து அனுப்பிய தபாலும் அதே வழியில் திரும்பியது. 80,000 டாலர் பெறுமானமுள்ள வீடு 21,042 டாலருக்குக் கைமாறியது.

நோட்டீஸ் திரும்பி வந்தது என்று தெரிந்த பிறகும் அரசு கையைக் கட்டிக்கொண்டு இருக்கலாமா என்பதுதான் கேள்வி. கூடாது என்று 2006-இல் ஐந்துக்கு மூன்று என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் அதில் ஓர் உவமை சொல்கிறார். அலுவலர் கத்தையாகத் தபால்களைத் தபால்காரர் கையில் கொடுக்கிறார். தபால்காரர் அத்தனையையும் சாக்கடைக்குள் தவறவிடுகிறார். பார்த்துக்கொண்டே நின்ற அலுவலர், நான் கொடுத்துவிட்டேன் என்று தோளைக் குலுக்கிவிட்டுப் போகலாமா? சாதாரணத் தபால் ஒன்று அனுப்பியிருக்கலாம், கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கலாம் என்று நீதிமன்றம் எடுத்துக்காட்டியது. மஞ்சள் பையை அந்தக் காகிதத்தின் சகோதரி என்று நினைத்துக்கொள்ளுங்கள். அசிங்கமாகத் தோன்றும் அந்தப் பை உண்மையில் ஓர் உரிமை.

இனி வட்டிக்கு வருவோம். ஆண்டுக்கு இத்தனை சதவீதம் என்று பேசுவதே அமெரிக்க வழக்கம். மிச்சிகன் மாநிலத்தின் வரிச் சட்டமோ நம்மூர் வட்டிக்கடைக்காரர் மாதிரி மாதக் கணக்கில் பேசுகிறது: முதல் வருடம் நூற்றுக்கு ஒரு வட்டி, பிறகு ஒன்றரை வட்டி. கூட்டுவட்டி கிடையாது, அது ஓர் ஆறுதல். ஒரு பாட்டி 2022-ஆம் ஆண்டு வரி 2,000 டாலரைக் கட்டவில்லை என்று வைத்துக்கொள்வோம். 2023 மார்ச் 1 அன்று பாக்கி நகராட்சியின் கையிலிருந்து கவுன்டிக்கு மாறுகிறது. அன்றைக்கே 4 சதவீதக் கட்டணம் ஏறுகிறது, அதாவது 80 டாலர். அடுத்த மார்ச் 1 வந்ததும் ஒரு வட்டி ஒன்றரை வட்டியாகிறது. அன்றிலிருந்து மட்டும் அல்ல, முதல் நாளிலிருந்தே திருப்பிக் கணக்கிடுவார்கள். மேலே 175 டாலர் கட்டணம். 2025 மார்ச் 31-க்குள் இருபத்தைந்து மாத வட்டி 750 டாலர். எல்லாம் சேர்த்தால் 2,000 என்பது 3,005. நோட்டீஸ் செலவு முதலிய சில்லறைகள் தனி. அன்று மாலைக்குள் கட்டாவிட்டால் வீடு கவுன்டிக்குச் சொந்தம்.

இரண்டாவது மார்ச்சில் அலுவலகம் அனுப்பும் கடிதத்தில் வீடு 'பறிமுதல்' ஆகிவிட்டது என்கிற பொருளில் ஒரு சொல் இருக்கும். அதைப் பார்த்துப் பயந்து, எல்லாம் போய்விட்டது என்று வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனவர்கள் உண்டு. உண்மையில் வீடு இன்னும் முழு ஒரு வருடத்துக்கு அவர்களுடையதுதான். சட்டச் சொல்லுக்கும் பேச்சுச் சொல்லுக்கும் உள்ள இடைவெளியில் வீடுகள் விழுந்துவிடுகின்றன.

இப்போது நம் பாட்டியின் இடத்தில் நின்று பாருங்கள். 2022 வரி மட்டும் பாக்கியாக இருக்காது. 2023, 2024 வரிகளும் சேர்ந்திருக்கும். மொத்தம் எட்டாயிரம் என்று காகிதம் சொல்கிறது. கையில் இருப்பது மூவாயிரத்துச் சொச்சம். எட்டாயிரம் இல்லையே என்று மனம் உடைந்து, அந்த மூவாயிரத்தையும் கட்டாமல் விடுவதுதான் இங்கே நடக்கிற பெரிய தவறு. கத்தி 2022-இன் கையில் மட்டும்தான் இருக்கிறது. மூத்த பாக்கியை மட்டும் அடைத்துவிட்டால் அந்த வருட ஜப்திப் பட்டியலிலிருந்து வீடு நீங்கிவிடும். அடுத்த கெடு அடுத்த மார்ச் 31. ஒரு வருடத்தை விலைக்கு வாங்குவது போல. அந்த ஒரு வருடத்துக்குள் செய்ய வேண்டியவை நிறைய உண்டு.

முதல் காரியம், வரியே சரிதானா என்று பார்ப்பது. இங்கேதான் கணக்கு சுவாரசியமாகிறது. நகராட்சி மதிப்பீட்டாளர் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் நுழைந்து பார்ப்பதில்லை. லட்சக்கணக்கான வீடுகளுக்கு அது சாத்தியமும் இல்லை. எந்த வட்டாரம், எத்தனை சதுர அடி, எந்த வருடம் கட்டியது என்ற விவரங்களை ஒரு கணக்கு மாதிரிக்குள் போட்டு மதிப்பை எடுக்கிறார்கள். ஒரே தெருவில், ஒரே அளவில் இரண்டு வீடு. ஒன்றில் புதுச் சமையலறை, புதுக் கூரை. சந்தையில் 1,20,000 டாலருக்குப் போகும். மற்றதில் நிலவறையில் நீர்க் கசிவு, பழுதான வெப்பச் சூளை. 60,000-க்கு மேல் யாரும் கேட்க மாட்டார்கள். காகிதத்தில் இரண்டும் ஒன்றுதான் என்பதால் இரண்டுக்கும் 90,000 என்று மதிப்பு விழுகிறது. நல்ல வீட்டுக்காரருக்குக் கால்பங்கு தள்ளுபடி. ஓட்டை வீட்டுக்காரருக்கு அரைப்பங்கு கூடுதல். யாரும் திட்டமிட்டு ஏமாற்றவில்லை. சராசரி எடுக்கிற எந்தக் கணக்கும் இந்தப் பக்கம்தான் சாயும். போதாக்குறைக்கு, மேல்முறையீடு செய்யத் தெரிந்தவர்களும் வக்கீல் வைக்கக்கூடியவர்களும் விலையுயர்ந்த வீடுகளில் இருக்கிறார்கள். சிகாகோ பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டோபர் பெர்ரி நாடு முழுவதும் வீட்டு விற்பனைகளையும் மதிப்பீடுகளையும் ஒப்பிட்டுப் பார்த்து, மலிவான வீடுகளே விகிதத்தில் அதிக வரி சுமக்கின்றன என்று காட்டியிருக்கிறார்.

டெட்ராய்ட்டில் இந்த வழக்கமான சாய்வோடு இன்னொன்றும் சேர்ந்தது. வீட்டின் சந்தை மதிப்பில் பாதிக்கு மேல் வரிக்காக மதிப்பிடக் கூடாது என்று மிச்சிகன் அரசியல் சட்டமே சொல்கிறது. 2008-இன் சரிவில் அந்த நகரத்து வீடுகள் சில ஆயிரம் டாலருக்குக்கூட விற்றன. மதிப்பீட்டுப் பேரேட்டில் பழைய விலை அப்படியே உட்கார்ந்திருந்தது. 2009 முதல் 2015 வரை ஒவ்வொரு வருடமும் நகரத்து வீடுகளில் பாதிக்கு மேற்பட்டவை அந்த வரம்பை மீறி மதிப்பிடப்பட்டிருந்தன என்பதைச் சட்டப் பேராசிரியர் பெர்னடெட் அட்டுவாஹெனேயும் அவருடன் பணியாற்றியவர்களும் கணக்கிட்டுச் சொன்னார்கள். அந்த வருடங்களிலும் அதைத் தொடர்ந்தும் நகரத்தில் சுமார் ஒரு லட்சம் வீடுகள் வரிக்காக ஜப்தியாயின. சட்டப்படி கேட்கவே கூடாத வரியைக் கட்டாததற்காகப் போன வீடுகளும் அவற்றில் இருக்கின்றன. நகர் முழுவதும் மறுமதிப்பீடு முடிந்தது 2017-இல்தான். அதற்கு முந்தைய முழு மதிப்பீடு அரை நூற்றாண்டுக்கும் முன்னால் நடந்தது.

மதிப்பீட்டை எதிர்த்து மனு கொடுக்க ஆண்டின் தொடக்கத்தில் சில வாரங்களே அவகாசம். அந்த வருட வரிக்கு மட்டும்தான் அது செல்லும்; போன வருடத்துப் பாக்கியைத் தொடாது. இரண்டாவது காரியம், வரிவிலக்கு. வருமானம் குறிப்பிட்ட வரம்புக்குக் கீழே உள்ள குடும்பம் தான் குடியிருக்கும் வீட்டுக்குச் சொத்து வரி முழுவதையுமோ ஒரு பகுதியையோ கட்டத் தேவையில்லை என்று மிச்சிகன் சட்டம் சொல்கிறது. விண்ணப்பம் கொடுத்தால் விலக்கு. கொடுக்காவிட்டால் முழு வரி, ஒன்றரை வட்டி, மஞ்சள் பை, ஏலம். ஒரு சல்லிக் காசுகூடக் கட்ட வேண்டியிராத ஏழைகள், ஒரு படிவம் இருப்பது தெரியாமல் வீட்டை இழந்தார்கள். இதை எதிர்த்து 2016-இல் வழக்கு வந்தது. 2018-இல் சமரசம் ஏற்பட்டு விண்ணப்ப முறையை எளிமையாக்க நகரம் ஒப்புக்கொண்டது. விலக்குக்குத் தகுதி இருந்தும் வீட்டை ஜப்தியில் கொடுத்தவர்கள் அதை 1,000 டாலருக்குத் திரும்ப வாங்கிக்கொள்ளவும் அந்தச் சமரசம் ஒரு வழி செய்தது. விலக்குப் பெற்றும் பழைய பாக்கி கழுத்தில் தொங்கியவர்களுக்காக 2020-இல் ஒரு சட்டம் வந்தது. வட்டியும் அபராதமும் தள்ளுபடி. மிஞ்சும் பாக்கி வீட்டின் வரி மதிப்பில் பத்து சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்றது அது. அதையும் மூன்று வருடத் தவணையில் வட்டியில்லாமல் கட்ட இடம் கொடுத்தது. படித்தபோது, இவ்வளவுதானா, இதை முதலிலேயே செய்திருக்கலாமே என்று தோன்றியது.

விலக்குக்குத் தகுதி இல்லாதவர்களுக்கும் தவணை ஏற்பாடு உண்டு. சொந்த வீட்டில் குடியிருப்பவர் வேய்ன் கவுன்டியோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டால் ஆண்டுக்குப் பதினெட்டு என்ற வட்டி ஆறாகக் குறையும். நம் பாஷையில் ஒன்றரை வட்டி அரை வட்டியாகும். தவணை தவறினால் ஒப்பந்தம் செல்லாது, பழைய வட்டி திரும்பிவிடும்.

இவற்றுக்கெல்லாம் ஒரு முன்நிபந்தனை இருக்கிறது: வீடு உங்கள் பெயரில் இருக்க வேண்டும். தாத்தா இறந்து இருபது வருடமாகியும் பட்டா அவர் பெயரிலேயே இருப்பது நமக்குப் புதிதில்லை. டெட்ராய்ட்டின் கறுப்பினக் குடும்பங்களிலும் இதே கதை. பாட்டி வீட்டில் பேத்தி வளர்ந்தாள், பாட்டியைக் கடைசிவரை பார்த்துக்கொண்டாள், வீடு தன்னுடையது என்று நினைக்கிறாள். பதிவேட்டில் இருப்பது பாட்டியின் பெயர். நோட்டீஸும் இறந்தவர் பெயருக்கே வருகிறது. விலக்குக்கும் தவணைக்கும் விண்ணப்பித்தால் உரிமைக்கு ஆதாரம் கேட்பார்கள். வாரிசுரிமை நீதிமன்றத்துக்குப் போய்ப் பெயரை மாற்றிக்கொண்டு வர மாதங்கள் ஆகும். அதற்குள் மார்ச் 31 வந்துவிடும். வாடகை போல மாதாமாதம் கட்டி முடித்தால்தான் பத்திரம் என்கிற ஒப்பந்தத்தில் வீடு வாங்குகிறவர்களுக்கும் சிக்கல் உண்டு. வரி அவர்கள் தலையில், பத்திரம் விற்றவர் கையில்.

வீட்டை விற்றுவிடுவது இன்னொரு வழி. 60,000 டாலர் வீட்டின்மேல் 8,000 பாக்கி என்றால் விற்று அடைத்துவிட்டு மிச்சத்தோடு போவது தோல்வி ஆகாது. ஆனால் ஜப்திப் பட்டியல் ஊரறிய வெளியாகும் ஒன்று. அதைக் கையில் வைத்துக்கொண்டு கதவு கதவாகத் தட்டுகிறவர்கள் உண்டு. ஐயாயிரம் ரொக்கம் தருகிறோம், பாக்கியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், இங்கே ஒரு கையெழுத்துப் போடுங்கள் என்பார்கள். அந்தக் கையெழுத்தில் 60,000 டாலர் வீடு போய்விடும். கெடு நெருங்க நெருங்க விலை இறங்கும் என்று வாங்குகிறவருக்கு நன்றாகத் தெரியும். அதனால் விற்பதானால் முதல் கடிதம் வந்த வருடத்தில் விற்க வேண்டும், கடைசி மாதத்தில் அல்ல.

ஒன்றுக்கும் வழியில்லாமல் மார்ச் மூன்றாவது வாரம் வந்துவிட்டால்? இப்போதுதான் மஞ்சள் கடுதாசி வருகிறது. அமெரிக்கத் திவால் சட்டத்தில் சாப்டர் 13 என்று ஒரு பிரிவு. எல்லாம் போயிற்று என்று கைவிரிக்கிற திவால் இதில்லை. எனக்கு வருமானம் இருக்கிறது, மூன்றிலிருந்து ஐந்து வருடத்தில் நீதிமன்ற மேற்பார்வையில் அடைத்துவிடுகிறேன் என்று சொல்கிற மனு. மனு பதிவான அந்த நிமிடமே வசூல் நடவடிக்கைகள் எல்லாம் நிற்கும். கவுன்டி ஜப்தியோடு முன்னேற முடியாது. வரிப் பாக்கி மாதத் தவணையாக உடையும். வக்கீல் செலவு உண்டு, கடன் வரலாற்றில் பல வருடத்துக்குக் கறை உண்டு. வட்டியும் பெரும்பாலும் மாநிலச் சட்டம் சொல்கிற விகிதத்தில் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆனாலும் மார்ச் 30 அன்று கொடுத்த மனு வீட்டைக் காக்கும். ஏப்ரல் 1 அன்று கொடுத்தால், இல்லாத வீட்டை எப்படிக் காக்கும்? நம்மூரில் மஞ்சள் கடுதாசி என்றாலே குடும்ப மானம் கப்பலேறியதாக அர்த்தம். மஞ்சள் பை தொங்கும் வீட்டில் அதே கடுதாசி கதவுக்குத் தாழ்ப்பாள்.

மார்ச் 31 என்பது மிச்சிகனின் கணக்கு. ஐம்பது மாநிலங்களில் இதற்கு ஐம்பது விதமான சட்டம். சில மாநிலங்கள் வீட்டை ஏலம் போடாமல் வரிப் பாக்கியையே ஏலம் போடுகின்றன. ஃபுளோரிடாவில் முதலீட்டாளர்கள் உங்கள் பாக்கியைக் கட்டி ஒரு சான்றிதழை வாங்கிக்கொள்வார்கள். ஏலம் பதினெட்டு சதவீத வட்டியில் தொடங்கிக் கீழ்நோக்கி இறங்கும்; குறைந்த வட்டி கேட்பவருக்குச் சான்றிதழ். இரண்டு வருடமாகியும் நீங்கள் அடைக்காவிட்டால் அவர் வீட்டை ஏலத்துக்குக் கொண்டுவரலாம். டெக்ஸஸில் வீடு ஏலம் போன பிறகும் கதை முடிவதில்லை. குடியிருந்த வீடாக இருந்தால் இரண்டு வருடத்துக்குள், ஏலம் எடுத்தவர் போட்ட பணத்தோடு முதல் வருடம் இருபத்தைந்து சதவீதமும் இரண்டாம் வருடம் ஐம்பது சதவீதமும் கூடக் கொடுத்து மீட்கலாம். அதே டெக்ஸஸில் அறுபத்தைந்து வயது நிறைந்தவர் ஒரு பிரமாணப் பத்திரம் கொடுத்தால், அந்த வீட்டில் குடியிருக்கும்வரை வரியைத் தள்ளிப்போடலாம். ஆண்டுக்கு ஐந்து சதவீத வட்டி வீட்டின்மேல் ஏறிக்கொண்டே இருக்கும். அவர் காலத்துக்குப் பிறகு வாரிசுகள் தீர்த்துக்கொள்ள வேண்டும். முதியவரை வெளியே தள்ளாமல் வரியையும் விட்டுக்கொடுக்காத இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது.

வீடு போயே போய்விட்டது என்று வையுங்கள். 8,000 பாக்கிக்கு 60,000 டாலர் வீடு ஏலத்தில் 40,000-க்குப் போகிறது. மிச்சம் 32,000 யாருடையது? இதில் என்ன சந்தேகம், வீட்டுக்காரருடையதுதான் என்று நீங்கள் சொல்வீர்கள். பல மாநிலங்கள் அப்படிச் சொல்லவில்லை. மின்னசோட்டா மாநிலத்தின் மின்னியாபொலிஸ் நகரில் ஜெரால்டின் டைலர் என்ற மூதாட்டிக்கு ஓர் அடுக்ககக் குடியிருப்பு இருந்தது. அக்கம்பக்கம் பாதுகாப்பாகத் தோன்றாததால் 2010-இல் முதியோர் குடியிருப்புக்கு மாறிவிட்டார். 2015-க்குள் வரி 2,300 டாலரும் அதன்மேல் வட்டியும் அபராதமும் சுமார் 13,000 டாலரும் சேர்ந்தன. ஹென்னபின் கவுன்டி குடியிருப்பைப் பறிமுதல் செய்து 40,000-க்கு விற்றது. பாக்கி போக மிஞ்சிய 25,000 டாலரையும் தானே வைத்துக்கொண்டது. மிச்சிகனின் ஓக்லண்ட் கவுன்டி விவகாரம் இதைவிட விநோதம். ரஃபேலி என்ற பொறியாளர் வட்டியைக் கணக்கிட்டதில் தவறிப்போய் 8 டாலர் 41 சென்ட் குறைவாகக் கட்டிவிட்டார். அந்தப் பாக்கிக்காக அவருடைய வீடு 24,500 டாலருக்கு விற்கப்பட்டது. ஒரு ரூபாய்கூட அவருக்குத் திரும்பவில்லை என்று எழுத வந்தேன். ஒரு சென்ட்கூட என்று திருத்திக்கொள்கிறேன்.

ரஃபேலியின் வழக்கில் மிச்சிகன் உச்ச நீதிமன்றம் 2020 ஜூலையில், மிச்சப் பணம் உடைமையாளருடையது என்று சொன்னது. டைலரின் வழக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம்வரை போனது. 2023 மே 25 அன்று ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அவர் பக்கம் நின்றார்கள். அப்போது அவருக்கு வயது 94. தீர்ப்பை எழுதியவர், ஜோன்ஸுக்காகச் சாக்கடை உவமை சொன்ன அதே ராபர்ட்ஸ். 1215-இல் இங்கிலாந்து அரசன் ஒப்புக்கொண்ட மாக்னா கார்ட்டாவரை அவர் பின்னால் போகிறார்: அரசனுக்குக் கடன்பட்டவர் இறந்தால் கடனளவுக்கு மட்டுமே எடுக்கலாம், மிச்சம் வாரிசுப் பொறுப்பாளர்களுக்கு என்று அன்றே எழுதியிருந்தது. எனக்கு அதைவிடக் கூர்மையாகப் பட்டது வேறொரு வாதம். அதே மின்னசோட்டா மாநிலத்தில் வங்கி ஒரு வீட்டை ஜப்தி செய்து விற்றால் மிச்சத்தை வீட்டுக்காரரிடம் கொடுக்கச் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. வருமான வரிப் பாக்கிக்காக அரசே விற்றாலும் மிச்சம் திரும்பிவிடும். சொத்து வரி என்றால் மட்டும் அந்த மிச்சம் எப்படிக் கரைந்துபோகும்?

ஆக மிச்சம் உங்களுடையது. ஆனால் அதுவாக வீடு தேடி வராது. ரஃபேலி தீர்ப்புக்குப் பிறகு மிச்சிகன் இயற்றிய சட்டப்படி, வீட்டை இழந்தவர் தனக்கு மிச்சத்தில் உரிமை உண்டு என்று ஒரு படிவத்தை நிரப்பி, நோட்டரி முன்னிலையில் கையெழுத்திட்டு, பதிவுத் தபாலிலோ நேரிலோ கவுன்டியிடம் சேர்க்க வேண்டும். அடுத்த ஆண்டு மே 15-க்குள் நீதிமன்றத்திலும் மனுப் போட வேண்டும். விற்ற தொகையில் ஐந்து சதவீதத்தைக் கவுன்டி எடுத்துக்கொள்ளும். உங்களுக்காக வாங்கித் தருகிறோம், மூன்றில் ஒரு பங்கு போதும் என்று வருகிற தரகர்கள் இங்கும் உண்டு. படிவம் என்னவோ ஒரே ஒரு தாள்தான். அதைச் சேர்க்க வேண்டிய கடைசி நாள், வீடு போன அதே ஆண்டின் ஜூலை 1. மாநிலத்தில் ஏலங்கள் தொடங்குவது ஜூலை மூன்றாம் செவ்வாய்க்கிழமை. வீடு என்ன விலைக்குப் போகும், மிச்சம் என்று ஒன்று இருக்குமா என்பது யாருக்கும் தெரிவதற்கு முன்பே, மிச்சம் வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்.